பட்டணத்து விலையும் தோட்டத்து விலையும்: பீடோர் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்மாதக் கேள்வி–பதில் பகுதிக்குப் பேராக் மாநிலத்தின் பீடோர், தாப்பா, சுங்காய், தெலுக் இந்தான் சாலையோரத் தோட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. செய்தியில் படிக்கும் பணவீக்கமும் கடையில் எண்ணிக் கொடுக்கும் காசும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதே பெரும்பாலான கடிதங்களின் கேள்வி. நியாயமான கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கேள்வி: ஐயா, 2024ஆம் ஆண்டில் விலைவாசி 1.8 விழுக்காடுதான் ஏறியது என்று செய்தியில் படித்தோம். அதற்கு முந்திய ஆண்டு 2.5 விழுக்காடாம். அப்படியானால் விலை இறங்கியிருக்க வேண்டும் அல்லவா? எங்கள் தோட்டத்துக் கடையில் ஒரு பொருளும் இறங்கவில்லையே. இந்தக் கணக்கை நம்பலாமா?
— செம்பனைத் தோட்டத் தொழிலாளி, பீடோர்

பதில்: நம்பலாம். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

பணவீக்கம் என்பது விலை ஏறும் வேகம். 2.5இலிருந்து 1.8க்கு வந்தது என்றால் விலை இன்னமும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, முன்பைவிட மெதுவாக ஏறுகிறது என்று பொருள். மாடிப்படியில் ஓடி ஏறியவர் நடந்து ஏறுகிறார். கீழே இறங்கவில்லை. மலேசியப் புள்ளிவிவரத் துறை வெளியிடும் பயனீட்டாளர் விலைக் குறியீடு 2010ஆம் ஆண்டை 100 என்று வைத்துத் தொடங்குகிறது. 2024இல் அது 130ஐத் தாண்டிவிட்டது. அதாவது 2010இல் 100 வெள்ளிக்கு வாங்கிய அதே கூடைக்கு இப்போது 130 வெள்ளிக்கு மேல் கொடுக்கிறோம். குடும்பத்தின் கையைக் கடிப்பது இப்படிச் சேர்ந்துபோன உயரம். செய்தியில் வருவதோ ஓராண்டு வேகம் மட்டும்.

அடுத்தது கூடை. குறியீட்டில் எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை கிடையாது. நாட்டின் குடும்பங்கள் சராசரியாக எதற்கு எவ்வளவு செலவழிக்கின்றன என்பதைக் குடும்பச் செலவின ஆய்வில் கேட்டறிந்து, அந்த விகிதத்தில் எடை தருகிறார்கள். 2024 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த எடைகள் 2022ஆம் ஆண்டு ஆய்விலிருந்து வந்தவை: உணவும் பானமும் 29.8 விழுக்காடு, வீடு, தண்ணீர், மின்சாரம், எரிவாயு 23.2, போக்குவரத்து 11.3, தகவல் தொடர்பு 6.6. காப்புறுதி, உடை, மருத்துவம், பொழுதுபோக்கு, கல்வி முதலிய மற்றவை மீதியைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

இப்போது ஒரு தோட்டத்து வீட்டின் செலவைப் பாருங்கள். கணக்குக்காக மாதம் 2,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். உணவுக்கு 900, மோட்டார் சைக்கிள், பஸ், எப்போதாவது வாடகைக் கார் என்று 300, கேஸ், தண்ணீர், மின்சாரம் 120, கைப்பேசி 140, பள்ளிச் செலவு 160, மற்றதற்கு 380. லயத்து வீடு நிர்வாகம் கொடுத்தது, வாடகை கிடையாது. இந்த வீட்டில் உணவின் பங்கு 45 விழுக்காடு. நாட்டின் சராசரியோ 30க்கும் கீழே.

இதன் விளைவு 2022ஆம் ஆண்டில் நன்றாகத் தெரியும். அந்த ஆண்டு மொத்தப் பணவீக்கம் 3.3 விழுக்காடு, உணவு விலை ஏற்றம் மட்டும் 5.8. உணவின் எடையைச் சுமார் 30 என்று கொண்டால், உணவல்லாத மற்றதெல்லாம் சராசரியாக 2.2 விழுக்காடு ஏறியிருக்கிறது. அதே ஏற்றங்களை நம் தோட்டத்து வீட்டின் எடையில் போடுங்கள்: 45 விழுக்காடு உணவுக்கு 5.8, மீதி 55 விழுக்காட்டுக்கு 2.2. கூட்டினால் 3.8 வரும். ஒரே நாடு, ஒரே ஆண்டு, கடையில் விலையும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் அந்த வீட்டின் பணவீக்கம் செய்தியில் வந்ததைவிட அரை விழுக்காடு கூடுதல். எடை மட்டும் மாறியதால் வந்த வித்தியாசம் இது.

விலை இறங்கும் காலத்தில் இதே கணக்கு மறுபக்கம் கடிக்கும். 2020இல் நாட்டின் விலைக் குறியீடு 1.2 விழுக்காடு சரிந்தது. பெட்ரோல் விலை வீழ்ச்சியும் மின்கட்டணக் கழிவும் பெரிய காரணங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் லிட்டர் 2.08 வெள்ளிக்கு விற்ற ரோன் 95 பெட்ரோல், ஏப்ரலில் 1.25க்கு இறங்கியது. மாதம் 150 லிட்டர் போடும் கார் வைத்திருக்கும் நகரத்துக் குடும்பத்துக்கு அதில் 124.50 வெள்ளி மிச்சம். 20 லிட்டர் போடும் மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு 16.60 வெள்ளிதான். “விலைவாசி சரிந்தது” என்ற செய்தி அந்த ஆண்டு தோட்டத்தில் யாருக்கும் உறைக்காததற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். புள்ளிவிவரத் துறை ஒரே ஓர் எண்ணை மட்டும் வெளியிடுவதில்லை. மாநில வாரியாகவும், நகர்ப்புறம் கிராமப்புறம் என்றும், மாத வருமானம் 3,000 வெள்ளிக்குக் குறைந்த குடும்பங்களுக்கென்றும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. அத்துறையின் ஓப்பன்டோசம் இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். தோட்டத்துக் குடும்பங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த 3,000 வெள்ளிக் குறியீட்டை. உங்கள் கூடைக்கு நெருங்கிய கூடை அது.

கேள்வி: எங்கள் தோட்டம் டவுனிலிருந்து ஐந்தே கிலோமீட்டர். அரசாங்கக் கணக்கில் நாங்கள் நகரமா, கிராமமா?
— வாசகி, தாப்பா சாலை

பதில்: தூரத்தை வைத்து முடிவு செய்வதில்லை. அரசிதழில் அறிவிக்கப்பட்ட பகுதியும் அதை ஒட்டிய கட்டடப் பகுதியும் சேர்ந்து குறைந்தது 10,000 பேர் இருந்தால் அது நகர்ப்புறம். ஒட்டிய பகுதியைச் சேர்த்துக்கொள்ள இன்னொரு நிபந்தனை உண்டு: அங்கே 15 வயதுக்கு மேற்பட்டோரில் குறைந்தது 60 விழுக்காட்டினர் விவசாயமல்லாத வேலையில் இருக்க வேண்டும். பால்மரமும் செம்பனையுமே பிழைப்பாக உள்ள லயம் டவுன் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் கிராமப்புறக் கணக்கில்தான் போகும். அதே நிலத்தில் தோட்டம் எடுபட்டு தாமான் (குடியிருப்புப் பகுதி) வந்துவிட்டால் அடுத்த கணக்கெடுப்பில் நகராகிவிடும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 75.1 விழுக்காட்டினர் நகர்ப்புறத்தில் இருக்கிறார்கள். ஆகவே நாட்டின் சராசரி எண் பெரும்பாலும் நகரத்தின் எண்ணாகவே இருக்கும்.

பணத்தின் கணக்கிலும் அப்படியே. 2019 ஆய்வில் நகர்ப்புறக் குடும்பத்தின் சராசரி மாதச் செலவு 4,916 வெள்ளி, கிராமப்புறத்தில் 3,038. நாட்டின் எடைகள் செலவான வெள்ளியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், அதிகம் செலவழிக்கும் வீட்டின் பழக்கமே கூடையில் அதிகம் தெரியும்.

இந்த நகரம், கிராமம் என்ற பிரிவு ஒருமுறை சம்பளத்திலேயே வந்தது. 2020 பிப்ரவரி 1 முதல் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 வெள்ளி, மற்ற இடங்களில் 1,100. பீடோர் தாப்பா மாவட்ட மன்றத்தின் கீழ் வருவதால் 1,100 பட்டியலில் இருந்தது. ஈப்போவில் 1,200. கிராமத்தில் செலவு குறைவு என்ற எண்ணத்தில் வந்த பிரிவு அது. எங்கள் பார்வையில் தவறான பிரிவு. வாடகை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அரிசியும் பால் டின்னும் உள்ளே போகப் போக மலிவதில்லை. 2022 மே 1 அன்று 1,500 வெள்ளி வந்தபோது அந்தப் பிரிவு நீக்கப்பட்டது.

கேள்வி: கேமரன் மலைக் கோபீஸ் (முட்டைக்கோஸ்) தாப்பா வழியாகத்தானே இறங்குகிறது. கண்ணெதிரே லாரி போகிறது. அப்படியிருந்தும் எங்கள் ஊரில் ஏன் மலிவாகக் கிடைப்பதில்லை? கிராமப்புறப் பணவீக்கம் நகரத்தைவிடக் குறைவு என்று வேறு சில மாதங்களில் சொல்கிறார்கள்.
— இரு வாசகர்கள், தாப்பா, பீடோர்

பதில்: லாரி உங்கள் ஊர் வழியாகப் போவதால் சரக்கு உங்கள் ஊரில் இறங்கிவிடாது. மலையில் விளைவதில் பெரும்பகுதி மொத்தச் சந்தைகளுக்குப் போய்ச் சேர்கிறது. விலை அங்கேதான் படிகிறது. சிறு கடைக்காரர் அங்கிருந்தோ இடைத்தரகரிடமிருந்தோ பத்துக் கிலோ, இருபது கிலோ என்று எடுத்து வருகிறார். ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அழுகல் எல்லாம் அந்த இருபது கிலோவின் தலையில் விழுகின்றன. பேரங்காடி டன் கணக்கில் எடுப்பதால் அதே செலவு ஒரு கிலோவுக்குச் சில காசுதான் ஆகிறது. தோட்டத்துக் கடையில் விலை கூடுதலாக இருப்பதற்குக் கடைக்காரரின் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. விற்பனை அளவு சிறியது என்பதே முதல் காரணம்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு சிறு கணக்கு. கோபீஸ் டவுனில் கிலோ 3.00, தோட்டத்துக் கடையில் 3.60 என்று வைப்போம். மறு ஆண்டு இரண்டு இடத்திலும் 30 காசு ஏறுகிறது. டவுனில் 3.30, தோட்டத்தில் 3.90. டவுனில் ஏற்றம் 10 விழுக்காடு. தோட்டத்தில் 8.3. “கிராமத்தில் பணவீக்கம் குறைவு” என்று எழுதினால் எழுத்துக்கு எழுத்து உண்மை. ஆனால் தோட்டத்துக்காரர் முன்னும் 60 காசு கூடக் கொடுத்தார், இப்போதும் 60 காசு கூடக் கொடுக்கிறார். குறியீடு ஒவ்வொரு வட்டாரத்தையும் அதனதன் 2010ஆம் ஆண்டோடுதான் ஒப்பிடுகிறது. ஓர் ஊரின் விலையை இன்னோர் ஊரின் விலையோடு ஒப்பிடுவதில்லை. பேராக் குறியீடு 128, சிலாங்கூர் குறியீடு 134 என்று இருந்தால் “பேராக்கில் எல்லாம் 6 வெள்ளி மலிவு” என்று படித்துவிடக் கூடாது. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். செய்தி எழுதுவோரும்கூட.

ஊருக்கு ஊர் விலை மட்டத்தை ஒப்பிட வேண்டுமானால் பிரைஸ்கேட்சர் செயலி உதவும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் செயலி அது. குறிப்பிட்ட கடைகளில் எடுத்த விலைகள் அதில் வருகின்றன. வாழ்க்கைச் செலவு மட்டத்துக்குப் புள்ளிவிவரத் துறை ‘பாக்வ்’ என்ற அளவீட்டை வைத்திருக்கிறது. நியாயமான வாழ்க்கைக்கான அடிப்படைச் செலவு என்பது அதன் பொருள்.

மாநிலத்துக்கு மாநிலம் பணவீக்கம் வேறுபடுவதற்கும் காரணங்கள் உண்டு. தண்ணீர்க் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. வீட்டு வாடகை நகரம் பெருத்த மாநிலங்களில் வேகமாக ஏறுகிறது. வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கரைப் படகுகள் கரையேறினால் மீன் விலை முதலில் அங்கே தாவும். டீசல் தெளிவான உதாரணம்: 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15இலிருந்து 3.35 வெள்ளியானது, ஒரே நாளில் 55.8 விழுக்காடு. சபா, சரவாக்கில் 2.15 அப்படியே இருந்தது. பதிவு செய்த சரக்கு லாரிகளுக்கு மானிய டீசல் தொடர்ந்ததால் அந்த அடி அப்படியே காய்கறி மீது விழவில்லை.

கேள்வி: எங்கள் வீட்டுப் பணவீக்கத்தை நாங்களே கணக்குப் போட முடியுமா? கால்குலேட்டர் இருக்கிறது, கணினி இல்லை.
— பள்ளி ஆசிரியை, சுங்காய்

பதில்: முடியும். ஒரு 555 நோட்டுப் புத்தகம் போதும். கடையில் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம்தான். நம் வீட்டுக் கணக்குக்கும் அது பயன்படட்டும்.

முதலில் எடை. ஒரு மாதம் முழுக்க வீட்டில் எதற்கு எவ்வளவு போகிறது என்று எழுதுங்கள். தீபாவளி, பொங்கல், பள்ளி திறக்கும் ஜனவரி மாதிரியான மாதங்களை அடிப்படை மாதமாக எடுக்காதீர்கள். அந்த மாதத்தில் ஆட்டிறைச்சியும் பள்ளிச் சீருடையும் கூடையில் குந்திக்கொள்ளும், ஆண்டு முழுக்கக் கணக்கு கோணலாகவே வரும். இரண்டு சாதாரண மாதங்களின் சராசரி இன்னும் நல்லது.

பிறகு இருபதிலிருந்து இருபத்தைந்து பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் செலவில் முக்கால் பங்கையாவது அவை பிடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிராண்டு, பாக்கெட்டின் எடை, கடை மூன்றையும் எழுதுங்கள். ‘மீன்’ என்று எழுதினால் பயனில்லை. ‘கெம்போங் மீன், நடுத்தர அளவு, செவ்வாய்க்கிழமைச் சந்தை, ஒரு கிலோ’ என்று எழுத வேண்டும். மாதா மாதம் ஒரே வாரத்தில் விலை எடுங்கள். தோட்டச் சம்பளம் 7ஆம் தேதிக்குள் வந்துவிடும். அந்த வாரத்தில் சந்தை விலை சற்றுத் தூக்கலாக இருக்கும் ஊர்களும் உண்டு. ஒரு மாதம் சம்பள வாரத்திலும் மறுமாதம் மாதக் கடைசியிலும் எடுத்தால் இல்லாத ஏற்றம் ஒன்று முளைக்கும்.

கணக்கைப் பார்ப்போம். சுருக்கத்துக்காக ஐந்து பொருள்கள் மட்டும், விலைகள் உதாரணத்துக்கானவை. அடிப்படை மாதத்தில் உள்ளூர் அரிசி 10 கிலோ மூட்டை இரண்டு, 52.00 வெள்ளி. கோழி 12 கிலோ, கிலோ 9.00 வீதம் 108.00. பெரிய வெங்காயம் 6 கிலோ, 3.50 வீதம் 21.00. 400 கிராம் பிஸ்கட் பாக்கெட் நான்கு, 4.50 வீதம் 18.00. மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் 20 லிட்டர், 2.05 வீதம் 41.00. மொத்தம் 240.00.

ஓராண்டு கழித்து அரிசி விலை மாறவில்லை: 52.00. கோழி 9.90 ஆகிவிட்டது: 118.80. வெங்காயம் 4.20: 25.20. பெட்ரோல் 1.99: 39.80. பிஸ்கட் இன்னும் 4.50தான், ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 360 கிராம். இங்கேதான் கவனம் வேண்டும். 360 கிராம் 4.50 என்றால் 400 கிராமுக்கு 5.00. நான்கு பாக்கெட்டுக்கு 20.00 என்று எழுதுங்கள். விலைச்சீட்டில் ஒரு காசும் ஏறாமல் 11.1 விழுக்காடு ஏறியிருக்கிறது. புதிய மொத்தம் 255.80. இதை 240ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 106.6. இதுதான் உங்கள் வீட்டுக் குறியீடு. பணவீக்கம் 6.6 விழுக்காடு.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. ஐந்து பொருள்களின் ஏற்றத்தையும் (0, 10, 20, 11.1, பெட்ரோலுக்குக் கழித்தல் 2.9) கூட்டி ஐந்தால் வகுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 7.6 வரும். 21 வெள்ளி வெங்காயத்துக்கும் 108 வெள்ளிக் கோழிக்கும் ஒரே மரியாதை கொடுத்ததால் வந்த தப்பு. காசைக் கூட்டுங்கள், விழுக்காட்டைக் கூட்டாதீர்கள்.

பொருள் கிடைக்காத மாதத்தில் போன மாத விலையைப் பென்சிலால் எழுதி வையுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து கிடைக்காவிட்டால் நீங்கள் உண்மையில் அதற்குப் பதிலாக எதை வாங்குகிறீர்களோ அதற்கு மாறுங்கள். தள்ளுபடி விலை எல்லாருக்கும் அன்று கிடைத்ததென்றால் எழுதலாம். அட்டை வைத்திருப்போருக்கு மட்டும் என்றால், அட்டை உங்களிடம் இருந்தால் மட்டும் எழுதுங்கள். கடையை மாற்றினால் மாற்றிய மாதத்தில் இரண்டு கடை விலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடை வித்தியாசம் பணவீக்கம் என்ற பெயரில் உள்ளே நுழைந்துவிடும்.

எடையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

இந்தக் கணக்கு ஒன்றைக் காட்டிக்கொடுக்கும். விலை ஏறும்போது நகரத்துக் குடும்பம் ஒரு படி மலிவான பிராண்டுக்கு இறங்க முடியும். ஏற்கனவே மலிவானதையே வாங்கும் வீட்டுக்கு இறங்கப் படியே இல்லை. அந்த வீடு அளவைத்தான் குறைக்கும். உங்கள் 555 புத்தகத்தில் கோழி 12 கிலோவிலிருந்து 9 கிலோவாகியிருந்தால் அதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். எந்தக் குறியீட்டிலும் அது வராது.

கேள்வி: குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்டது. விலை ஏற்றத்துக்கு அது ஈடாகுமா, விலை அதை விழுங்கிவிட்டதா?
— செம்பனை வெட்டுத் தொழிலாளி, சுங்காய்

பதில்: 1,500இலிருந்து 1,700 என்பது 13.3 விழுக்காடு. 2022 மே முதல் 2025 பிப்ரவரி வரை காத்திருந்து கிடைத்தது. 2022 சராசரியோடு ஒப்பிட்டால் 2024 சராசரி விலை மட்டம் சுமார் 4.3 விழுக்காடு உயர்ந்தது (2023இல் 2.5, 2024இல் 1.8). உணவை மட்டும் எடுத்தால் 4.8, பிறகு 2.0; சேர்த்து 6.9. ஆக, மாதச் சம்பளம் முழுதாக 200 வெள்ளி கூடியவருக்கு வாங்கும் சக்தி உண்மையில் கூடியிருக்கிறது. இதை மறைத்துப் பேசுவது சரியல்ல.

ஆனால் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போக, கைக்கு வருவதைத்தான் கடை பார்க்கும். முன்பே குலை எண்ணிக்கைக் கூலியும் ஓவர்டைமும் சேர்ந்து 1,700க்கு மேல் எடுத்தவருக்கு அடிப்படை ஏற்றம் எவ்வளவு கைக்கு வந்தது என்பது சம்பளச் சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். 2025 ஜனவரிச் சீட்டையும் இப்போதைய சீட்டையும் பக்கத்தில் வைத்து, ஒரே அளவு வேலை நாள் உள்ள மாதங்களை ஒப்பிடுங்கள். மழை மாதத்தை வெயில் மாதத்தோடு ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: வெங்காயமும் பருப்பும் இல்லாமல் நம் சமையல் நடக்காது. இவற்றின் விலை ஏன் இப்படித் துள்ளுகிறது?
— இல்லத்தரசி, பீடோர்

பதில்: இரண்டும் இறக்குமதி, அம்மா. இந்தியா 2023 டிசம்பர் 8 முதல் 2024 மே தொடக்கம் வரை வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தது. அரிசியிலும் அதுவே நடந்தது: 2023 ஜூலை 20 அன்று பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியது, செப்டம்பர் 1இல் இங்கே அரிசி இறக்குமதி நிறுவனமான பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியை டன் 2,350இலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. உள்ளூர் அரிசி கிலோ 2.60 என்ற உச்சவரம்பில் நின்றதால் எல்லாரும் அதன் பக்கம் சாய்ந்தார்கள், கடைகளில் தட்டுப்பாடு வந்தது. அப்போது விலைப்பட்டியலில் 10 கிலோ 26 வெள்ளி, கடைத் தட்டில் அரிசி இல்லை. கட்டுப்பாட்டு விலை இருந்தும் பொருள் இல்லாவிட்டால் அந்த வீடு இறக்குமதி அரிசியின் விலையைத்தான் கொடுக்கிறது.

நாட்டின் கூடையில் வெங்காயத்துக்கும் பருப்புக்கும் உள்ள இடம் சிறியது. சாம்பாரும் குழம்பும் தினம் கொதிக்கும் வீட்டில் அது பெரியது. உங்கள் 555 புத்தகத்தில் இவற்றைத் தனி வரியில் எழுதுங்கள்.

கேள்வி: தோட்டத்துக் கடையில் 555இல் எழுதி வாங்குவது நல்லதா, மாதம் இருமுறை பீடோருக்குப் போய் ரொக்கத்தில் வாங்குவது நல்லதா? எங்களுக்கு 12 கிலோமீட்டர்.
— வாசகர், பீடோர்–தெலுக் இந்தான் சாலை

பதில்: போய்வர 24 கிலோமீட்டர். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 0.6 லிட்டர்; 1.99 வீதம் 1.19 வெள்ளி. லிட்டருக்கு 12 ஓடும் காருக்கு 3.98. டவுனில் சராசரி 8 விழுக்காடு மலிவு என்றால் மோட்டாரில் போகிறவர் 15 வெள்ளிக்கு மேலும், காரில் போகிறவர் 50 வெள்ளிக்கு மேலும் வாங்கினால்தான் எண்ணெய்க் காசு திரும்பும். வாடகைக் காருக்குப் போக வர 20 வெள்ளி என்றால் 250 வெள்ளிக்கு வாங்க வேண்டும். நான்கு வீடுகள் சேர்ந்து போனால் வீட்டுக்கு 62.50.

இந்த 8 விழுக்காட்டைக் கணக்கிடும்போது கட்டுப்பாட்டு விலைப் பொருள்களைச் சேர்க்காதீர்கள். பாக்கெட் எண்ணெய் கிலோ 2.50, சீனி 2.85, கோதுமை மாவு 1.35, உள்ளூர் அரிசி 10 கிலோ 26.00. இவை டவுனிலும் தோட்டத்திலும் ஒரே விலையாக இருக்க வேண்டியவை. இவற்றுக்காக மட்டும் டவுனுக்குப் போவது வீண்.

கடன் கணக்கு வேறு. மாதம் 400 வெள்ளிக்கு எழுதி வாங்குகிறீர்கள், கடன் விலை ரொக்க விலையைவிட 5 விழுக்காடு கூடுதல் என்றால் மாதம் 20 வெள்ளி, ஆண்டுக்கு 240. மாதம் முழுக்கப் பரவலாக வாங்கிச் சம்பளத்தன்று அடைப்பதால் சராசரியாக அரை மாதக் கடன்தான். அரை மாதத்துக்கு 5 விழுக்காடு என்பது கடுமையான வட்டி. கடைக்காரருக்கும் வராத கடன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு மாதச் சரக்கை ரொக்கத்தில் வாங்கும் அளவுக்கு ஒரே ஒருமுறை 400 வெள்ளி சேர்த்துவிட்டால் அந்தச் சுழலிலிருந்து வெளியே வரலாம். மாதம் 40 வெள்ளி ஒதுக்கினால் பத்து மாதம்.

கேள்வி: முட்டைக்கும் கோழிக்கும் இன்னும் அரசாங்க விலை உண்டா? கேஸ் தோங்குக்கு 30 வெள்ளி கேட்கிறார்கள். யாரிடம் சொல்வது?
— வாசகி, தாப்பா ரோடு

பதில்: கோழிக்கு 2023 நவம்பர் 1 முதல் உச்சவரம்பு விலை இல்லை. முட்டைக்கு 2025 ஆகஸ்ட் 1 முதல் மானியமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. இந்த இரண்டுக்கும் விலை கூடுதல் என்று மட்டும் புகார் செய்தால் எடுபடாது. விலைச்சீட்டு ஒட்டாமல் விற்றால் புகார் செய்யலாம். பண்டிகைக் கால உச்சவரம்புப் பட்டியல் தனி. தீபாவளிக்கு ஆட்டிறைச்சி, வெங்காயம், தக்காளி, தேங்காய், பருப்பு போன்றவை அதில் வருவது வழக்கம். அந்தந்த ஆண்டின் பட்டியலையும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

14 கிலோ கேஸ் தோங்கின் விலை 26.60 வெள்ளி. வீடு வரை கொண்டுவரும் கூலியையும் சேர்த்து 30 கேட்கிறார்களா என்று பாருங்கள். ரசீதில் தோங்கு விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கடையில் நேரே எடுத்தும் 26.60க்கு மேல் கேட்டால் அது புகாருக்குரியது.

சாரா உதவித் தொகையை (அடிப்படைப் பொருள்கள் வாங்க அரசாங்கம் தருவது) மைகார்டு மூலம் பதிவு பெற்ற கடைகளில் மட்டுமே செலவழிக்க முடியும். தோட்டத்துக் கடை பதிவில் இல்லையென்றால் மாதம் 100 வெள்ளியை எடுக்கவே டவுனுக்குப் போக வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன போக்குவரத்துச் செலவு அந்த நூறிலிருந்து கழியும். கடைக்காரரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். தோட்டத்தில் எத்தனை வீட்டுக்குச் சாரா வருகிறது என்று எண்ணிச் சொன்னால் அவரும் யோசிப்பார்.

புகாருக்கு உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கட்டணமில்லாத் தொலைபேசி 1-800-886-800. சொல்ல வேண்டியவை: கடையின் பெயரும் முகவரியும், பொருளின் பிராண்டும் எடையும், கேட்ட விலை, தேதி, நேரம். ரசீது இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அலமாரியில் உள்ள விலைச்சீட்டைப் படம் எடுங்கள். விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டம் 2011இன் கீழ்த் தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். தேதியும் எடையும் இல்லாத புகார்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கிறது. அதனால் கடையை விட்டு வெளியே வந்த உடனே எழுதிக்கொள்ளுங்கள்.